கொள்ளுத்தாத்தாவின் வின்செஸ்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. நீண்ட நாள் அதற்குள் இரண்டு காகிதங்கள் மட்டுமே இருந்தன. இரண்டும் ஒரே துப்பாக்கியைப் பற்றியவை. ஆனால் ஒன்று சொல்வது உண்மையானால் மற்றது சொல்வது உண்மையாக இருக்க வழியில்லை. முதலாவது, நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். தன் கொள்ளுத்தாத்தா இந்த வின்செஸ்டரை ஏந்தித்தான் 1878ஆம் ஆண்டு இரண்டு வணிகக் கோஷ்டிகள் மோதிக்கொண்ட லிங்கன் கவுண்டிச் சண்டையில் ரெகுலேட்டர்கள் என்ற ஆயுதக் குழுவின் பக்கம் நின்றார் என்று அதில் அவர் உறுதி கூறியிருக்கிறார். சட்டத்துக்குத் தப்பித் திரிந்து பேர்பெற்ற பில்லி த கிட் நின்ற அதே பக்கம். இரண்டாவது, வயோமிங் மாநிலத்தின் கோடி என்னும் ஊரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒரு பக்கக் கடிதம். அந்தத் துப்பாக்கி தொழிற்சாலைக் கிடங்கை விட்டுக் கிளம்பியதே 1884இல்தான் என்கிறது அது. இந்த இரண்டு காகிதங்களையும் என்ன செய்வது என்ற கேள்வி மூன்று ஆண்டுகளாக என்னை விடவில்லை.

வின்செஸ்டர் என்ற சொல் என் தலைமுறையினருக்குச் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. மை பரவிய கறுப்பு வெள்ளைப் படங்களில் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருப்பவன் கையில் அது இருக்கும். விசைக்கு அடியில் வளையம்போல் ஒரு நெம்புகோல். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் வெற்றுக்கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும் என்பது பத்து வயதிலேயே எங்களுக்கு மனப்பாடம். வேலைக்காகக் கொலராடோவுக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நண்பர் வீட்டில் 1873 மாடல் கார்பைன் என்னும் குட்டைக் குழல் வின்செஸ்டர் ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். மூன்றரை கிலோ இருக்கும். நெம்புகோலை இழுத்தபோது எழுந்த ஓசை, எண்ணெய் போட்ட பழைய பூட்டு திறப்பதைப் போல இருந்தது. நூற்று முப்பது வருடம் பழைய இரும்பு அவ்வளவு மென்மையாக அசையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று பிடித்தது இந்த ஆசை.

இங்கே 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளை 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருள் என்ற வகையில் வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், பல இடங்களில் பழைய அலமாரியையும் கடிகாரத்தையும் விற்பதுபோலவே அவற்றையும் மேசை போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு சந்தையில்தான் என் வின்செஸ்டரைப் பார்த்தேன். சேணத்தில் மாட்டும் வளையம் இடப்பக்கம் தொங்கியது. குழலில் நீலப்பூச்சு முழுவதும் போய், புளியம்பழ ஓட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. மரக்கட்டை கழுத்துப் பகுதியில் பிளந்து, அந்த இடத்தைச் சுற்றிப் பச்சை மாட்டுத்தோலை இறுக்கிக் கட்டித் தைத்திருந்தார்கள். ஈரத்தில் கட்டிய தோல் காய்ந்து சுருங்கும்போது இரும்புப் பட்டைபோல் இறுகிவிடும். மேற்கில் பரவலாக இருந்த பழுதுபார்க்கும் முறை அது. வியாபாரி அந்தத் தோலைத் தடவிக் காட்டி, “இது லிங்கன் தெருவில் உடைந்தது” என்றார். பிறகு பிரமாணப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். துப்பாக்கிக்கு மட்டும் தரக்கூடிய விலையைப்போல் இரண்டு மடங்கு கேட்டார். கொடுத்தேன்.

இந்தச் சந்தைகளில் அடிக்கடி காதில் விழும் ஓர் அறிவுரை உண்டு: கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். நானும் தலையாட்டியிருந்தேன்.

தூசிமூடி ஓடும் தடம்

வாங்கி ஒரு மாதம் கழித்து, நாற்பது வருடமாக வின்செஸ்டர் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். பிரமாணப் பத்திரத்தை நீட்டினேன். அதை வாங்கி, படிக்காமலே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். முதலில் அது காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதன் மேற்புறத்தில் இருக்கும் சின்ன இரும்பு மூடியைக் கட்டைவிரலால் முன்னும் பின்னும் தள்ளினார். 1873 மாடலில் வெற்றுக்கூடு வெளியேறும் வாயை மூட ஒரு தூசிமூடி உண்டு. தொடக்க ஆண்டுகளில் செய்தவற்றில் அந்த மூடி, துப்பாக்கிச் சட்டகத்தின் இரு பக்கமும் வெட்டிய பள்ளங்களில் ஓடும். பிறகு நடுவில் ஒரு தடம் வைத்து அதைத் தனியாகத் திருகினார்கள். 1882 வாக்கில் அந்தத் தடத்தையும் சட்டகத்தோடு ஒரே இரும்பாகக் கடைந்துவிட்டார்கள். என்னுடையதில் திருகு இல்லை. பெரியவர் மூடியை மூன்று முறை ஓட்டிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. “கோடிக்கு எழுதுங்கள்” என்றார், அவ்வளவுதான்.

அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சில நிமிடங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தடத்தைப் பற்றிய செய்தி எனக்குப் புதிதல்ல. வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். வரிசை எண்ணை வைத்துச் செய்த ஆண்டைத் தோராயமாகக் கண்டுபிடிக்கும் அட்டவணைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. பார்த்தால் லிங்கன் தெரு போய்விடும் என்பது மனத்தின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. வியாபாரி என்னிடம் விற்றதில் பாதியை நானே எனக்கு விற்றுக்கொண்டேன். அவர்மீது எனக்கு வருத்தம் உண்டு. அந்தத் தடம் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனாலும் இந்தக் கணக்கை முழுவதும் அவர் தலையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் வரச் சில வாரங்கள் ஆயின. வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் கோடி அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால், அது கார்பைனா ரைஃபிளா, எந்த நாளில் கிடங்குக்கு வந்தது, எந்த நாளில் வெளியே போனது என்று எடுத்துச் சொல்வார்கள். யாருக்குப் போனது என்பது பொதுவாக அந்தப் பேரேடுகளில் இருக்காது. ரிவால்வர் செய்யும் கோல்ட் கம்பெனியின் பேரேடுகளில் பெரும்பாலும் வாங்கிய கடையின் பெயர்வரை இருக்கும். நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதுபோல, இங்கே இந்தக் கடிதத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த வில்லங்கச் சான்றில் 1884 என்று இருந்தது.

லிங்கன் நகரின் ஐந்து நாள் முற்றுகை 1878 ஜூலை 19 அன்று ரெகுலேட்டர்கள் பக்கத்து வழக்கறிஞர் மெக்ஸ்வீனின் வீடு எரிந்ததோடு முடிந்தது. என் துப்பாக்கி அப்போது கனெக்டிகட்டில் ஓர் இரும்புத் துண்டாகக்கூட இருந்திருக்காது.

இரும்பைவிடக் கனமான காகிதம்

கடிதம் வந்த அதே காலத்தில்தான் பேட் கேரட்டின் ரிவால்வரைப் பற்றி ஊன்றிப் படித்தேன். 1881 ஜூலை 14 இரவு, ஃபோர்ட் சம்னரில் பீட் மேக்ஸ்வெல் வீட்டின் இருட்டறையில் பில்லி த கிட்டை ஷெரிஃப் கேரட் சுட்டுக் கொன்ற கோல்ட் அது. 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதுவரை எந்தத் துப்பாக்கியும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை. ஆனால் இரும்பாக மட்டும் பார்த்தால் அதில் விசேஷம் எதுவும் இல்லை. 1873 முதல் 1940 வரை இந்த மாடலில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமாகச் செய்தார்கள். கேரட்டே அதை விலைக்கு வாங்கவில்லை. 1880 டிசம்பரில் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லியின் கூட்டத்தைச் சுற்றி வளைத்தபோது பில்லி வில்சன் என்பவனிடமிருந்து கைப்பற்றியது. பில்லியின் சகா வைத்திருந்த துப்பாக்கியாலேயே பில்லி இறந்தான்.

பிறகு கேரட் அதை எல் பாசோவில் மதுக்கடை வைத்திருந்த நண்பர் டாம் பவர்ஸிடம் கொடுத்தார். கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக அது அங்கே இருந்தது. 1908இல் கேரட்டும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அபொலினாரியா அந்தத் துப்பாக்கியை மறக்கவில்லை. பவர்ஸ் இறந்த பிறகு, அவர் சொத்தை நிர்வகித்தவர்களோடு வழக்காடி மீட்டார். இரவல் கொடுத்ததா, அன்பளிப்பாகக் கொடுத்ததா என்ற அந்த வழக்கில் பேசப்பட்டதெல்லாம் பதிவாயிற்று. அந்த ரிவால்வரை நம்பகமானதாக்கிய காகிதங்களில் ஒரு பெரும் பங்கு ஒரு விதவையின் பிடிவாதத்தால் உண்டானது. ஏலச் செய்தியில் எல்லோரும் பில்லியையும் கேரட்டையும் பேசினார்கள். நான் அபொலினாரியாவை நினைத்துக்கொண்டிருந்தேன். வயதான காலத்தில் வழக்குமன்றம் ஏறியவர் அவர்.

இன்னொரு பக்கம், கதையைத் தாமே உற்பத்தி செய்தவர்களும் இருந்தார்கள். கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1882 ஏப்ரல் 3 அன்று முதுகுப்புறமிருந்து சுடப்பட்டு இறந்தபின், மிசூரியில் அவன் தாய் பண்ணைக்கு வருகிறவர்களுக்குக் கல்லறைமேல் கிடந்த கூழாங்கற்களைக் கால் டாலருக்கு விற்றார் என்பார்கள். கற்கள் தீரும்போதெல்லாம் ஓடையிலிருந்து அள்ளிவந்து நிரப்பினாராம். மகனுடையவை என்று பழைய துப்பாக்கிகளையும் விற்றதாகச் சொல்வது உண்டு. டாட்ஜ் சிட்டியில் காவல் அதிகாரியாகப் பெயர் பெற்ற பேட் மாஸ்டர்சன், பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகைக்காரராக இருந்தபோது, அடகுக் கடையில் பழைய கோல்ட் வாங்கி, பிடியில் கொன்றவர் கணக்குபோல் கீறல்கள் வெட்டி, நச்சரித்த ஒரு சேகரிப்பாளருக்கு விற்றதாக ஒரு கதை இருக்கிறது. அதே மாஸ்டர்சன் 1885 ஜூலையில் கோல்ட் கம்பெனிக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. நிக்கல் பூச்சு வேண்டும், விசை இலகுவாக இருக்க வேண்டும், குழல் முனையிலுள்ள முன்குறி வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிமனாகவும் வேண்டும் என்று கேட்கிறார். அவரைப் பற்றிய ஆயிரம் கதைகளைவிட, முன்குறி தடிமனாக வேண்டும் என்ற அந்த ஒரு வரியில்தான் எனக்கு மனிதர் தெரிகிறார். அரையிருட்டில் குறி பார்த்துப் பழகிய கண் ஒன்று அதற்குள் இருக்கிறது.

காகிதம் இல்லாத இடத்தில் இரும்பே சாட்சி சொன்னதும் உண்டு. பில்லி த கிட் இடதுகைக்காரன் என்று நெடுங்காலம் நம்பினார்கள். காரணம், ஃபோர்ட் சம்னரில் எடுத்த ஒரு தகட்டுப் புகைப்படம். அதில் ரிவால்வர் அவன் இடப்பக்கம் தொங்குகிறது. அவன் பக்கத்தில் ஊன்றியிருக்கும் வின்செஸ்டரைப் பார்த்தவர்கள்தான் இதைத் தீர்த்துவைத்தார்கள். தோட்டா திணிக்கும் வாய் 1873 மாடலில் வலப்பக்கம்தான் இருக்கும். படத்திலோ இடப்பக்கம் இருக்கிறது. அந்தக் காலத் தகட்டில் உருவம் கண்ணாடியில் விழுவதுபோல் இடவலம் மாறித்தான் பதியும். 1876இல் அமெரிக்கப் படையை லக்கோட்டா, செயென் மக்கள் வென்ற லிட்டில் பிக்ஹார்ன் களத்திலும் இதுபோல நடந்தது. 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்தபின் அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் அங்கே தேடினார்கள். கிடைத்த வெற்றுக்கூடுகளில் ஊசி அடித்த தடத்தையும், கூட்டை வெளியே இழுத்த கொக்கியின் கீறலையும் வைத்து, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைந்தார்கள். தனியார் வசமிருந்த சில துப்பாக்கிகள் அந்தத் தடங்களோடு பொருந்தவும் செய்தன.

ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்திருந்தது

சென்ற வருடம் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்குப் போனேன். மலை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். போனது ஒரு துப்பாக்கியைப் பார்க்க. 2014 நவம்பரில் பூங்காவின் தொல்லியல் பணியாளர்கள், தொலைதூர மலைச்சரிவில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்திருந்த 1873 வின்செஸ்டரைக் கண்டெடுத்தார்கள். கட்டையின் அடிப்பகுதி மண்ணுக்குள் போயிருந்தது. மரம் வெளிறி, பிளந்து, ஜூனிப்பர் பட்டையின் சாம்பல் நிறத்துக்கே வந்துவிட்டது. குழல் முழுவதும் துரு. மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் படிக்க முடிந்தது. 1882இல் தொழிற்சாலையிலிருந்து போனது என்று கோடி பேரேடு சொன்னது. யாருக்கு என்று அதில் இல்லை. அந்த ஒரே ஆண்டில் 25,000க்கும் அதிகமாகச் செய்தார்கள். தொடக்கத்தில் 50 டாலராக இருந்த விலை அப்போது 25க்கு இறங்கியிருந்தது. பண்ணையாளோ சுரங்கத் தொழிலாளியோ வாங்கக்கூடிய விலை. ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது கட்டைக்குள் சேமிப்பறையில் ஒரே ஒரு தோட்டா இருப்பது தெரிந்தது. சுடும் அறை காலியாக இருந்தது.

யாரோ ஒருவர் அதை மரத்தில் சாய்த்துவைத்தார். பிறகு எடுக்க வரவில்லை. நமக்குத் தெரிந்தது இவ்வளவே. நிபுணர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. இருக்கும் நிலையிலேயே மேலும் சிதையாமல் காத்து, பூங்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அதன் முன் நெடுநேரம் நின்றேன். அதற்கு ஒரு பெயர் கிடைக்காதா என்று என் மனம் தேடிக்கொண்டே இருந்தது. அந்த மலையில் திரிந்த கொள்ளையன் எவனாவது, துரத்தப்பட்டவன் எவனாவது. சற்று நேரத்தில் எனக்கே கூச்சமாக இருந்தது. பெயர் கிடைத்த மறுகணம் அந்தத் துப்பாக்கியின் விலை ஏறும். மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அந்த மனிதர் காணாமல் போவார்.

விலையைப் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் இருக்கிறது. எது யாரைக் கொன்றது என்பதில்தான் இந்தச் சந்தையின் உச்ச விலைகள் நிற்கின்றன. கேரட்டின் ரிவால்வர் விற்ற அதே ஏலத்தில், லிங்கன் சிறையிலிருந்து தப்பும்போது பில்லி, காவலர் பாப் ஆலிங்கரை அவருடைய துப்பாக்கியாலேயே சுட்டானே, அந்த இரட்டைக் குழலும் பெருந்தொகைக்குப் போனது. ஆனால் பில்லி இறந்து ஒரு வாரம்கூட ஆகாத 1881 ஜூலை 20 அன்று, டகோட்டாவின் ஃபோர்ட் புஃபர்டில் லக்கோட்டா தலைவர் சிட்டிங் புல் தன் வின்செஸ்டரை ஒப்படைத்தார். தன் கையால் கொடுக்கவில்லை. சிறுவனான மகன் குரோ ஃபுட்டின் கையில் தந்து, அவன் மூலமாகப் படை அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னார். தன் மக்களில் கடைசியாகத் துப்பாக்கியை ஒப்படைத்தவன் தான் என்பது நினைவில் இருக்க வேண்டும் என்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1890 டிசம்பர் 15 அன்று, தந்தையைக் கைது செய்ய வந்தவர்கள் சுட்டதில் தந்தை மகன் இருவருமே இறந்தார்கள். அந்த வின்செஸ்டர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேற்கைப் பற்றிய எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசினாலும் அந்தச் சிறுவனின் கைகள் எனக்கு முன்னால் வந்துவிடுகின்றன.

மூதாட்டியுடன் பேசியது

நெவாடாவிலிருந்து திரும்பிய வாரம் பழுப்பு உறையை எடுத்தேன். பிரமாணப் பத்திரத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எண்ணம். நான் இறந்தபின் என் பிள்ளைகள் இதை விற்றால் பொய் இன்னொரு வீட்டுக்குப் போகும். ஆனால் கிழித்தால் அந்தக் குடும்பம் நம்பியது அழியும். அவர் பொய் சொன்னார் என்று நினைக்க எனக்குக் காரணம் ஏதும் இல்லை, கேட்டதைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவரையே தொலைபேசியில் அழைத்தேன். வயது எண்பத்தெட்டு. குரல் தெளிவாக இருந்தது. 1884 என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் அவர் பிறகு வாங்கியிருப்பார். சண்டையில் அவர் இருந்தார், அதில் சந்தேகம் இல்லை” என்றார். நான் மறுக்கவில்லை. உங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

ஒரு மணி நேரம் பேசினார். துப்பாக்கி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. பாட்டி அதால் கோழிக்கூண்டைச் சுற்றிய கொயோட்டி என்னும் சிறு ஓநாய்களைச் சுடுவார். ஒருமுறை கிணற்றடியில் கிலுகிலுப்பைப் பாம்பைச் சுட்டார். தோட்டா விலை அதிகம் என்பதால் குழந்தைகள் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட வேண்டும். கட்டை பிளந்தது லிங்கனில் அல்ல. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவின் பிக்அப் லாரியிலிருந்து பள்ளத்தில் விழுந்து உடைந்தது. அன்று மாலையே அப்பா கன்றுத்தோலை ஊறவைத்து, தையல் போடும்போது நகராமல் இருக்க இந்தப் பெண்ணின் முழங்காலுக்கிடையே கட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இதையெல்லாம் ஏன் பத்திரத்தில் எழுதவில்லை என்று கேட்டேன். “அவர்கள் இதைக் கேட்கவில்லையே” என்றார்.

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, தேதியிட்டு அனுப்பினேன். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். இப்போது உறைக்குள் மூன்று காகிதங்கள் இருக்கின்றன. முதலாவதை நான் கிழிக்கவில்லை. கடிதத்தோடு சேர்த்தே பின் குத்தி வைத்திருக்கிறேன், ஒன்றைப் பிரித்து மற்றதை மட்டும் காட்ட முடியாதபடி.

அன்று தொலைபேசியை வைப்பதற்கு முன் அவர் ஒன்று கேட்டார்: “அப்பா கட்டிய தோல் இன்னும் இறுக்கமாக இருக்கிறதா?” காதில் தொலைபேசியோடே எழுந்துபோய், சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கி, தையல் ஓடிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். இருக்கிறது என்றேன்.